நிற்கும்போது பொருந்துகிறது, உட்கார முடியவில்லை: ஃபோம் கவசம் பற்றிய நீண்ட இழை

கேள்வி, 2025 மே 3

முழு உடலுக்குமான விண்வெளிப் படையாள் கவசம். 10 மிமீ ஈவிஏ (மெத்தென்ற பிளாஸ்டிக்) ஃபோம், இணையத்தில் எடுத்த வடிவத்தாள். கண்ணாடிக்கு முன்னால் நின்றால் அச்சொட்டாக இருக்கிறது. கையைத் தூக்கினால் நெஞ்சுத் தகடு நாடியில் இடிக்கிறது. உட்கார்ந்தால் தொடைத் துண்டு இடுப்பில் வெட்டுகிறது. முன்கைத் துண்டுக்குள் கையே போகவில்லை. வடிவத்தாளை 10 வீதம் பெருப்பித்து எல்லாவற்றையும் மறுபடி வெட்டிவிடவா? ஓகஸ்டில் ஒரு வேட நிகழ்ச்சிக்குப் போட வேண்டும்.

மே 3, இரவு

பெருப்பிக்க வேண்டாம். அந்த 10 வீதம் சுற்றளவோடு நிற்காது, நீளத்துக்கும் போகும். 40 செமீ தொடைத் துண்டு 44 செமீ ஆகும். ஏற்கெனவே இடுப்பில் முட்டுவது இன்னும் மேலே வந்து முட்டும்.

கோயிலில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தைப் பாருங்கள். மார்பு, கை, பாதம் என்று தனித்தனித் துண்டு, நூல் இடைவெளி இல்லாமல் பொருந்தும். மூலவர் நடக்கப் போவதில்லை. நீங்கள் நடக்க வேண்டும், குனிய வேண்டும், படியேற வேண்டும், திரும்பி வரும்போது ஓட்டோவில் உட்கார வேண்டும். ஆகவே அளவை மடங்கிய உடம்பில் எடுங்கள்.

மூன்று முறைப்பாட்டுக்கும் மூன்று வேறு காரணம்.

முன்கை: மணிக்கட்டை அளந்து வெட்டியிருப்பீர்கள். அந்த வாயால் உள்ளே போக வேண்டியது உள்ளங்கை. பெருவிரலை உள்ளே மடக்கி, கையின் அகலமான இடத்தைச் சுற்றி அளவுங்கள். மணிக்கட்டு 17 செமீ என்றால் அது பெரும்பாலும் 24, 25 வரும். குழாய் வாயை அந்த அளவுக்கு விட்டால் மணிக்கட்டில் தொளதொளவென்று நிற்கும். ஒட்டியதைக் கழிக்க வேண்டாம். உட்பக்கத்தில் நீளவாட்டில் ஒரே கோடாகக் கீறி, அந்தப் பிளவை வெல்க்ரோவால் மூடினால் போதும்.

தொடை: கதிரையில் உட்கார்ந்து இடுப்பு மடியும் கோட்டைப் பேனாவால் குறியுங்கள். முன்பக்க மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 3 முதல் 4 செமீ கீழே நிற்க வேண்டும். வெளிப்பக்கம் மேலே ஏறலாம், அங்கே மடிப்பு இல்லை. ஆகவே மேல் விளிம்பு நேர்கோடாக இராது, வெளியிலிருந்து உள்ளே சரிந்து இறங்கும். பின்பக்கம் முழங்கால் மடிப்புக்கு மேல் 5 செமீ விட்டு அரைவட்டமாக வெட்டுங்கள்.

நெஞ்சு: நாடியில் இடிப்பதற்குக் காரணம் கழுத்து வெட்டு இல்லை, தோள் துண்டு. கை உயரும்போது தோள் துண்டு நெஞ்சுத் தகட்டின் விளிம்பைத் தள்ளுகிறது, முழுத் தகடும் மேலே ஏறுகிறது. கைக்குழியை ஒவ்வொரு பக்கமும் 2 செமீ உள்ளே எடுத்துப் பாருங்கள். கழுத்தைத் தொட வேண்டாம், கழுத்தை வெட்டினால் உள்ளாடை தெரியும்.

மே 4

சுற்றளவுக் கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள். மேல்கையை முறுக்கி மடக்கிய நிலையில் அளவுங்கள், 33 செமீ என்று வைப்போம். சுற்றிவர 8 மிமீ இடைவெளி வேண்டும் என்றால் 2 × 3.14 × 0.8, ஏறத்தாழ 5 செமீ. உள்சுற்றளவு 38. இதோடு ஃபோமின் தடிப்பையும் சேர்க்க வேண்டும். தட்டையான துண்டை வளைத்தால் உட்பக்கம் நசியும், வெளிப்பக்கம் இழுபடும், நடுப் படை மட்டும் நீளம் மாறாது. ஆகவே தடிப்பை 3.14 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 10 மிமீ ஃபோமுக்கு 3.1 செமீ, மொத்தம் 41.1. அதே கைக்கு 5 மிமீ ஃபோம் என்றால் 39.6. தொடக்கக்காரரின் முதல் துண்டு இறுகுவது அனேகமாக இந்த 3 செமீயை விட்டுவிடுவதால்தான்.

மே 4, கொஞ்சம் கழித்து

ஒன்று விடுபட்டது. உருளையின் இரு விளிம்பையும் சரித்து வெட்ட வேண்டாம். நேராக 90 பாகையில் வெட்டியதை வளைத்தால் விளிம்புகள் தாமாகவே முகத்துக்கு முகம் வரும். சரித்து வெட்டுவது மூலை வரும் இடத்துக்குத்தான். பெட்டி மூலை என்றால் இரு துண்டிலும் 45 பாகை. உருளையில் சரித்தால் மூட்டின் ஒரு பக்கம் இளித்துக்கொண்டு நிற்கும், அதை மூட ஃபில்லர் வாங்கப் போவீர்கள்.

மே 7

எந்த ஃபோம் என்று இரண்டு பேர். பிள்ளைகள் விளையாடும் புதிர்ப் பாய், 60 க்கு 60 செமீ ஓடு, பழகுவதற்கு நல்லது. ஆனால் பெரும்பாலும் அடர்த்தி குறைவு, விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகத்தான் எழும். கவசத்துக்கு நல்லது கன மீற்றருக்கு 100 கிலோவைச் சுற்றி இருப்பது. கடையில் இதைக் கேட்டால் முழிப்பார்கள், தராசைக் கேளுங்கள். 60 க்கு 60, 10 மிமீ ஓடு ஒன்று 360 கிராம் நிறுத்தால் அந்த அடர்த்தி. 150 கிராம் என்றால் தரையிலேயே விரித்துவிடுங்கள்.

யோகாப் பாய் வேண்டாம். பல பாய்கள் ஈவிஏ இல்லை. பிவிசி பாயில் ஹீட் கன் (ஃபோமை வளைக்கச் சூடான காற்று ஊதும் கருவி) பிடித்தால் வளைவதற்கு முன்னே கருகும், வரும் புகையில் அமிலம் இருக்கும்.

முழு உடலுக்கு 10 மிமீ ஏறத்தாழ 5 சதுர மீற்றர், மேலே ஒட்டும் அலங்காரத்துக்கு 5 மிமீ ஒன்றரை, கோடு வரிகளுக்கு 2 மிமீ அரை. பசை ஒரு லீற்றர். கட்டர் பிளேட் ஒரு பெட்டி, இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபோம் பிளேட்டைத் தின்னும். 2 மீற்றர் வெட்டியதும் முனையை முறியுங்கள். மொட்டைப் பிளேட் வெட்டாது, பிய்க்கும். விளிம்பில் ரொட்டித் துணுக்கு மாதிரித் தெரிந்தால் பிளேட் முடிந்தது.

கொழும்பில் சாமான் வேட்டைக்குப் பழைய சோனகத் தெருவும் ஆமர் வீதியும் போதும். கவசம் செய்பவன் ஆமர் வீதிக்குப் போகாமல் எங்கே போவான்? ஆங்கிலத்தில் ஆமர் என்றால் கவசம், பெயரிலேயே எழுதியிருக்கிறது. வாகன ஸ்ப்ரே பெயின்ற், கண்ணாடி ஒட்டும் ஃபிலிம், ரப்பர் விளிம்புப் பட்டி எல்லாம் பஞ்சிகாவத்தை. துணி, இலாஸ்டிக், பக்கிள் புறக்கோட்டை குறுக்குத் தெருக்கள். ஃபோம் தாளைச் சுருட்டிக்கொண்டு மாலை 5 மணிக்கு 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறாதீர்கள். ஏறினால் வெள்ளவத்தையில் இறங்குவது நீங்கள், பாணந்துறையில் இறங்குவது ஃபோம்.

மே 9

பசை. சப்பாத்துத் தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் கொன்டாக்ட் பசைதான். இரு முகத்திலும் மெல்லிசாகப் பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, பிறகு சேர்த்து அழுத்துங்கள். டின்னில் 10 முதல் 15 நிமிடம் என்று இருக்கும். கொழும்பில் அதை நம்ப வேண்டாம்.

காரணம், பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது முகம் குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் குளிர்ந்த முகத்தில் நீர் படியும். கண்ணுக்கு இலேசான வெள்ளை மங்கலாகத் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. சேர்க்கும்போது பிடிக்கும், மூன்றாம் நாள் மூட்டு முழுதாகக் கழன்று வரும். கழன்ற இரு முகத்திலும் பசை பளபளவென்று இருந்தால் அது இந்த நோய்தான். பசை மோசம் என்று புது டின் வாங்காதீர்கள்.

ஃபேனை நேரே திருப்பினால் இன்னும் குளிரும், இன்னும் படியும். ஃபோமை முதலில் சூடாக்கிவிட்டுப் பூசுங்கள். பூசியதும் ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில் காட்டுங்கள். விரல் நுனியால் சோதிக்க வேண்டாம், விரல் முட்டியின் பின்புறத்தால் தொடுங்கள். இழை இழுபடாவிட்டால் பதம்.

சூப்பர் குளூவுக்கு நேர்மாறு. அது ஈரத்தால்தான் இறுகும், இங்கே டக்கென்று பிடிக்கும். ஆனால் அதன் ஆவி அருகிலுள்ள பளபளப்பான பரப்பில் வெள்ளைப் படலமாகப் படியும். ஹெல்மட் கண்ணாடி இருக்கும் இடத்தில் அதைத் திறக்கவே வேண்டாம்.

மே 10, காலை

நேற்று ஹெயார் ட்ரையரைப் பற்றி எழுதியதைத் திருத்துகிறேன், இது முக்கியம். பசை ஈரமாக இருக்கும்போது ட்ரையர் வேண்டவே வேண்டாம். அதனுள்ளே சிவக்கும் கம்பி, பசையிலிருந்து வருவது தீப்பிடிக்கும் ஆவி. பூசுவதற்கு முன் ஃபோமைச் சூடாக்குங்கள், ட்ரையரை அணைத்துத் தூர வையுங்கள், பிறகு டின்னைத் திறவுங்கள். யன்னல் திறந்திருக்கட்டும். மழை அடிக்கிறது என்றால் அன்றைக்கு ஒட்ட வேண்டாம், வெட்டுங்கள். வெட்டுகிற வேலை எப்போதும் மிச்சம் இருக்கும்.

ஹீட் கன் பற்றியும் ஒரு வரி. 2000 வாட் என்றால் 230 வோல்ற்றில் 8.7 அம்பியர். வட்டப் பின் 5 அம்பியர் செருகிக்கு மாற்றி போட்டு இணைக்காதீர்கள். சுவரிலுள்ள 13 அம்பியர் சதுரப் பின்னில் நேரே கொடுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சுருட்டியபடி இருந்தால் ஃபோமுக்கு முன்னே அது வளையும்.

மே 14

வீட்டுக்கு வீடு வெசாக் கூடு இன்னும் தொங்குகிறது. பெப்பக்குரா என்றால் என்ன என்று கேட்டவருக்கு அதையே காட்டலாம். தட்டையான கடதாசி முகங்களைச் சேர்த்து உருண்ட வடிவத்தை உண்டாக்குவதுதான் பெப்பக்குராவும். முப்பரிமாண உருவை மென்பொருள் விரித்துத் தட்டையாக்கும், விளிம்புக்கு விளிம்பு எண் போடும், நீங்கள் மடித்து ஒட்ட வேண்டும். எண்கோணக் கூடு கட்டத் தெரிந்தவருக்கு ஹெல்மட் கட்டத் தெரியும்.

வேறுபாடு தடிப்பில். பெப்பக்குராக் கோப்பு கடதாசிக்கு வரைந்தது, தடிப்பு கிட்டத்தட்ட பூச்சியம். அதை 10 மிமீ ஃபோமில் அப்படியே வெட்டினால் உள்ளே 10 மிமீ, எதிர்ப்பக்கத்திலும் 10 மிமீ போய்விடும். ஹெல்மட் 2 செமீ ஒடுங்கும். ஹெல்மட்டுக்குத் தலையின் அகலத்தை மட்டும் பார்க்க வேண்டாம். மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரை உள்ள நீளத்தையும் பாருங்கள், கழுத்து வாயால் அதுதான் நுழைய வேண்டும். மூக்குக் கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு அளக்க வேண்டும். உள்ளே சுற்றிவர 2 செமீ விட்டு மெத்தைத் துண்டுகளால் நிரப்புங்கள். நிரப்பாமல் தொளதொளவென்று விட்டால் திரும்பும்போது தலை மட்டும் திரும்பும், ஹெல்மட் நேரே பார்த்துக்கொண்டு நிற்கும்.

கடதாசிக்கு ரெசின் பூசி வன்மையாக்கும் பழைய முறையை ஒருவர் கேட்டார். செய்யலாம். சதுர மீற்றருக்கு 200 கிராமுக்கு மேற்பட்ட அட்டை. ஒட்டி முடித்த அன்றே முதல் பூச்சுப் போடுங்கள், இரண்டு இரவு விட்டால் அட்டை ஈரம் குடித்துக் கோணும், கோணிய பிறகு ரெசின் அந்தக் கோணலையே நிரந்தரமாக்கும். பொலியெஸ்டர் ரெசினுக்கு கடினமாக்கி 1 முதல் 2 வீதம். நம்முடைய 30 பாகை வெக்கையில் 1 வீதமே போதும், 2 போட்டால் கோப்பைக்குள்ளேயே கட்டியாகிப் புகையும். 1 க்குக் கீழே போகாதீர்கள், என்றைக்கும் பிசுபிசுப்பு மாறாது. துணி மாஸ்க் இதற்கு ஒன்றுக்கும் உதவாது, கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ளது வேண்டும். கடினமாக்கி ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, ஆகவே கண்ணாடி. தொடர்மாடியில் இருப்பவர் இந்த முறையை மறந்துவிடலாம், ஸ்டைரீன் மணத்துக்கு மூன்று மாடி தள்ளியும் ஆள் வரும்.

இன்னொன்று, ரிஜிபோம் (தெர்மோகோல்) தலையில் ஹெல்மட்டை வைத்துக்கொண்டு ரெசினோ கொன்டாக்ட் பசையோ ஸ்ப்ரே பெயின்றோ வேண்டாம். ரிஜிபோம் சீனிப் பாகு மாதிரி உருகும். பொலித்தீனால் சுற்றி, மேலே டேப் ஒட்டிவிட்டு வையுங்கள்.

மே 22

பெயின்றுக்கு முன் மூடும் பூச்சு. முதலில் ஹீட் கன்னைத் தூரத்தில் ஆட்டி ஆட்டிப் பரப்பைச் சூடாக்குங்கள், மங்கல் முகம் இலேசாக மினுங்கும், துளைகள் மூடிவிட்டன என்று அர்த்தம். பிறகு மரப் பசையும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து 5 பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மலிவு, மணமில்லை.

மே 23

ஒரு வாசகர் சரியாகவே அடித்திருக்கிறார்: "மரப் பசை தண்ணீரில் கரைகிற சாமான். உள்ளே வியர்வை, வெளியே தென்மேற்குப் பருவமழை. அக்குளில் வெள்ளையாக ஊறி வரும்." ஒத்துக்கொள்கிறேன். டிசம்பரில் ஏசி மண்டபத்துக்குள் போடுவதற்கு மரப் பசை போதும். ஓகஸ்டுக்கு வேண்டாம். மொட்டைமாடிக்குப் பூசும் நெகிழ்வான அக்ரிலிக் நீர்த்தடுப்புப் பூச்சை எடுங்கள். கெட்டியாக இருக்கும், 10 முதல் 15 வீதம் தண்ணீர் விட்டு 3 மெல்லிய பூச்சு. தடித்துப் பூசினால் தூரிகைக் கோடு நிற்கும், பிறகு தேய்த்து எடுக்க முடியாது, ரப்பர் மாதிரிச் சுருளும்.

வாகனத்துக்கு அடிக்கும் இரு பாகப் பளபளப்புப் பெயின்றை ஃபோமில் நேரே அடிக்க வேண்டாம். அது கண்ணாடி மாதிரி இறுகும், ஃபோம் வளையும், முழங்கையில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு விழும். வளையாத ஹெல்மட்டுக்கு மட்டும் சரி.

ஜூன் 1

ஏன் ஃபோம், பிளாஸ்டிக்கே செய்யலாமே என்று கேள்வி. 1977 இல் வந்த ஸ்டார் வார்ஸின் வெள்ளைப் படையாள் கவசங்கள் வெக்யூம் ஃபோர்மிங்கில் பிளாஸ்டிக் தகட்டை இழுத்துச் செய்தவை. அந்த ஹெல்மட்டை வைத்து வழக்கும் நடந்தது. 2011 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அது சிற்பம் அல்ல, படத்தயாரிப்புக்குப் பயன்படும் பொருள் என்று சொன்னது. உங்கள் முதல் ஹெல்மட்டைப் பார்த்தும் யாரும் சிற்பம் என்று சொல்லப் போவதில்லை, கவலை வேண்டாம்.

செய்முறை கடினமில்லை. மேற்பரப்பில் வரிசையாகத் துளையிட்ட பெட்டி, கீழே வெக்யூம் கிளீனர், பெட்டி மேல் அச்சு, சட்டத்தில் பிடித்த 2 மிமீ தகடு. தகடு சூட்டில் முதலில் நெளியும், பிறகு நிமிரும், பிறகு நடுவில் தொய்யும். 3 செமீ தொய்ந்ததும் அச்சின் மேல் இறக்கி உறிஞ்ச வேண்டும். நெளியும்போது அவசரப்பட்டால் மூலை வராது. அச்சின் பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் தகடு கழலாது, 3 முதல் 5 பாகை சரிவு கொடுங்கள்.

இங்கே சிக்கல் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டில். அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். அப்படியே சூடாக்கினால் உள்ளே நீராவி ஊதி, பரப்பெல்லாம் அம்மை போட்ட மாதிரிக் கொப்பளம். 80 பாகை செல்சியஸில் மிமீ ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம் காயவைத்துவிட்டு உடனே இழுக்க வேண்டும். அவ்வளவு பெரிய அடுப்பு இல்லாதவர் ஹிப்ஸ் (பொலிஸ்டைரீன் வகை) தகடு எடுக்கலாம், ஈரம் குடிப்பது மிகக் குறைவு. அதற்குப் பதிலாக நொறுங்கும் தன்மை கூட: கூர் மூலையில் வெடிக்கும். வெட்டிய ஒவ்வொரு மூலையையும் உருட்டி விடுங்கள். ஏபிஎஸ் வெடித்தால் வெட்டுத் துணுக்குகளை அசற்றோனில் கரைத்துக் களியாக்கி உட்பக்கமாகப் பூசி ஒட்டலாம்.

ஒருமுறை போடுவதற்கு ஃபோம்தான். அதே கவசம் பத்துப் பேருக்கு என்றால் அச்சு.

ஜூன் 8

ஹெல்மட்டுக்குள் மூச்சு. வெளியே 31 பாகை, காற்றில் ஈரம், வியர்வை காயாது. மின்விசிறி அலங்காரம் இல்லை, அவசியம்.

5 வோல்ற், 40 மிமீ விசிறி இரண்டு. ஒன்று வாய்ப்பக்கத்திலிருந்து உள்ளே ஊதட்டும், காற்று கண்ணாடியின் உட்பக்கத்தைத் தடவிப் போகும்படி சரித்து வையுங்கள். மற்றது பின்னுச்சியில் வெளியே இழுக்கட்டும். இரண்டும் உள்ளே ஊதினால் காற்று கழுத்தில் முட்டி நிற்கும். ஒவ்வொன்றும் 0.2 அம்பியர் என்றால் இரண்டுக்கும் 2 வாட். 10000 மில்லி அம்பியர் பவர் பேங்க் 37 வாட் மணி, மாற்றத்தில் போவது போக 30 தேறும், 15 மணித்தியாலம். பவர் பேங்க் இடுப்பில் இருக்கட்டும், தலையில் பாரம் ஏற்றாதீர்கள்.

ஒரே ஒரு சின்ன விசிறி பூட்டியவர்கள் கவனம்: இழுக்கும் மின்சாரம் போதாவிட்டால் சில பவர் பேங்க்குகள் யாரும் பாவிக்கவில்லை என்று நினைத்து அரை நிமிடத்தில் அணைந்துவிடும். விசிறி பழுது என்று ஹெல்மட்டைப் பிரித்தவர்கள் உண்டு.

கண்ணாடிக்கு வெல்டிங் கண்ணாடி வேண்டாம், மண்டபத்துக்குள் கும்மிருட்டு. கிரைண்டர் வேலைக்குப் போடும் தெளிந்த முகத்தடுப்புத் தகட்டை வெட்டி, பஞ்சிகாவத்தையில் வாங்கிய கார் ஃபிலிமை உட்பக்கத்தில் ஒட்டுங்கள். பனி படியாமலிருக்க ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தை உலர்ந்த துணியால் தேய்த்து எடுங்கள். கழுவ வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் கீழே எதுவும் தெரியாது. மேலே சொன்ன 1977 படத்திலேயே ஒரு படையாள் கதவில் தலையை இடித்துக்கொண்டு போகிறார், அதை அப்படியே விட்டுவிட்டார்கள். படிக்கட்டில் கையைப் பிடிக்க ஒருவர் வேண்டும்.

ஜூன் 15

முப்பரிமாண அச்சில் ஹெல்மட் எடுத்தவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நெற்றி சரி, கன்னம் தொங்குகிறது. அச்சிட்ட பிளாஸ்டிக் பிஎல்ஏ, 60 பாகையை நெருங்கும்போதே இளகும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் பின்கண்ணாடியடியில் ஒரு மத்தியானம் போதும். பிஈடிஜி என்ற பிளாஸ்டிக் 80 வரை தாங்கும். ஹெல்மட் ஒன்றுக்கு ஒரு கிலோச் சுருள் கிட்டத்தட்ட முழுவதும் போகும் என்று வைத்து, பொருளை முதலே தெரிவு செய்யுங்கள். தொங்கிய கன்னத்தை உட்பக்கம் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் காட்டி ஈரத்துணியால் தள்ளிப் பார்க்கலாம். முழுதாகத் திரும்பாது. மிச்சத்துக்குப் பள்ளம் நிரப்பும் பட்டி (putty), பிறகு 120, 240, 400 என்று சாண்ட் பேப்பர். கேட்டால் போரில் அடிபட்டது என்று சொல்லுங்கள், கவசத்தில் இது ஒரு வசதி.

ஜூன் 29

பட்டிகள். தொடைத் துண்டு இடுப்புப் பெல்ட்டிலிருந்து தொங்க வேண்டும். 2.5 செமீ இலாஸ்டிக், ஒவ்வொரு காலுக்கும் இரண்டு, அழுத்துப் பொத்தானால் பூட்டுங்கள்.

ஜூலை 6

மேலே சொன்னதில் பாதி பிழை. இலாஸ்டிக்கில் தொங்கும் தொடைத் துண்டு நடக்கும்போது குதிக்கும், ஒரு மணித்தியாலத்தில் இலாஸ்டிக் நீண்டு முழங்காலில் இறங்கி நிற்கும். பாரத்தைத் தாங்குகிற, மேலிருந்து கீழ் போகும் பட்டி எல்லாம் நீளாத நைலோன் நாடா. உடம்பைச் சுற்றிப் போகும் குறுக்குப் பட்டி எல்லாம் இலாஸ்டிக். தோளில் நெஞ்சும் முதுகும் சேரும் இடம் நைலோன், விலாவில் சேரும் இடம் இலாஸ்டிக். மூச்சு விலாவில் விரியும், தோளில் விரியாது. தோள் துண்டு மட்டும் விதிவிலக்கு: நெஞ்சுத் தகட்டோடு 4 செமீ இலாஸ்டிக்கால் தொங்கட்டும், கை உயரும்போது அது விலகிக் கொடுக்க வேண்டும்.

நாடாவைப் பூட்டப் பொத்தானை ஃபோமில் நேரே குத்த வேண்டாம், பிய்த்துக்கொண்டு வரும். 4 க்கு 4 செமீ நாடாத் துண்டில் பொத்தானைக் குத்தி, அந்தத் துண்டைக் கொன்டாக்ட் பசையால் உட்புறம் ஒட்டுங்கள்.

பின்புறம் பசையோடு விற்கும் வெல்க்ரோவின் சொந்தப் பசை வியர்வையில் கழலும். அந்தப் பசையை அசற்றோனால் துடைத்துவிட்டு கொன்டாக்ட் பசை போடுங்கள், உடுப்புப் பக்கம் தையுங்கள். முள் பக்கம் கவசத்தில், மெத்துப் பக்கம் உள்ளுடுப்பில். மாறிப் போட்டால் லைக்ரா முழுதும் நூல் இழுபடும். ஹொட் குளூவை நம்பிப் பாரம் தொங்கவிட வேண்டாம், வெயிலில் நிற்கும் கறுப்புக் கவசத்தில் அது மறுபடி இளகும்.

உள்ளுடுப்பு பருத்தி வேண்டாம். குடித்த வியர்வையை விடாது, பிற்பகலில் ஒரு வாளித் தண்ணீரைச் சுமப்பீர்கள். மெல்லிய பொலியெஸ்டர் கலந்த லைக்ரா, தொடை இடுக்கில் தையல் இல்லாதது.

ஜூலை 20

ஒத்திகைக்கு நிகழ்ச்சி நாள்வரை காத்திராதீர்கள். முழுதாகப் போட்டு 2 மணித்தியாலம் வீட்டில் இருங்கள், கூட ஒருவர் இருக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஹெல்மட் கழற்றித் தண்ணீர். தலை சுற்றினாலோ வியர்வை நின்றாலோ உடனே எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஆகவே தனியாக 2 நிமிடத்துக்குள் கழற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கழிப்பறைக்கு எந்தத் துண்டு முதலில் கழல வேண்டும் என்பதும் இதில் அடங்கும். இதை யாரும் கேட்பதில்லை, எல்லாரும் நிகழ்ச்சி நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒத்திகை முடிந்து கவசத்தையும் உள்ளுடுப்பையும் கழற்றியதும் தோலில் சிவந்த இடங்களைக் குறியுங்கள். அக்குள் முன்பக்கம், முழங்கால் பின்பக்கம், இடுப்பெலும்பு. அங்கே விளிம்பை 5 மிமீ உருட்டித் தேய்த்து 2 மிமீ ஃபோமால் மடித்து மூடுங்கள்.

துப்பாக்கி வைத்திருக்கும் பாத்திரம் என்றால், உண்மையானது மாதிரித் தோன்றும் எதையும் வீதியில் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பிரித்து, பெட்டிக்குள் மூடி, மண்டப வாசலில் முதலே சொல்லிவிடுங்கள்.

பெட்டி பற்றி: ஓட்டோவின் பின்சீற்றில் நெஞ்சுத் தகடு நிமிர்ந்து நிற்காது. நெஞ்சையும் முதுகையும் ஒன்றுக்குள் ஒன்று கவிழ்த்து, உள்ளே முன்கைகளைத் திணித்தால் ஒரு பெட்டி. கால்கள் ஒரு பெட்டி. ஹெல்மட் மடியில்.

ஓகஸ்ட் 2

கேட்டவர் எழுதியிருக்கிறார்: கதிரையில் உட்கார முடிகிறது, கை தலைக்கு மேல் போகிறது, முன்கை வெல்க்ரோ பிடிக்கிறது. பெருப்பிக்கவில்லை. இப்போது வலது கெண்டைக்காலின் துண்டு மட்டும் நடக்க நடக்கச் சுழன்று பின்பக்கம் முன்னே வருகிறதாம்.

உருளை மிகச் சரியான வட்டமாக வந்துவிட்டது. கெண்டைக்கால் வட்டமில்லை, பின்பக்கம் புடைத்தது. உள்ளே காலின் முன்னெலும்பின் இரு பக்கமும் 1 செமீ ஃபோம் கீற்று ஒவ்வொன்று ஒட்டுங்கள், எலும்பு அந்த இரண்டுக்கும் நடுவில் உட்காரும். கீழே சப்பாத்தின் நாக்கில் படும் இடத்தில் ஒரு ஆப்புத் துண்டு. இடது கால் ஏன் சுழலவில்லை என்றால், அதன் மூட்டை நீங்கள் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருப்பீர்கள். அதைத் திருத்தப் போகாதீர்கள்.